களத் தாக்குதல் மேலாண்மை: தாள் ஒன்று

பஸ் டிரைவரின் இளைய மகளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி வீட்டிலும் தெருவிலும் அவள் ‘நிதானம்’தான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், கேட்டவர் வேறு எங்காவது குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போன பிறகு அவள் கொண்டுவந்து நிற்பாள். இப்படிப்பட்ட பெண்ணுக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று குடும்பமே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவளே ஒரு வழி சொன்னாள்.

“டிஜிட்டல் போட்டோகிராபி படிக்கிறேன்பா. விளம்பரத்துக்குப் பொருளைப் படம் எடுக்கிற வேலை. செருப்பு, சோப்பு, கடிகாரம், இந்த மாதிரி.”

அப்பாவுக்கு அது சரியென்று பட்டது. செருப்பு எழுந்து ஓடாது. சோப்பு ‘சீக்கிரம் எடும்மா’ என்று அவசரப்படுத்தாது. கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

முதல் வருடம் சொர்க்கம். ஒரு சோப்பை அரை நாள் உட்கார்ந்து படம் எடுத்தாள். வெளிச்சத்தை இந்தப் பக்கம் நகர்த்தி, அந்தப் பக்கம் நகர்த்தி, சோப்பின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு மின்னும்வரை விடவில்லை. பக்கத்து மேசையில் ஒட்டடைக்குச்சிபோல ஒருவன் இருந்தான். கை எங்கே, முழங்கை எங்கே என்று அவனுக்கே தெரியாது. எல்லாரும் அவனை ‘ஒட்டடை’ என்பார்கள். அவன் முழங்கை பட்டு அவள் சோப்பு கீழே விழுந்ததில் நட்பாகிவிட்டார்கள். அவனுடைய அம்மா கல்லூரி வாசலுக்கு எதிரில் இஸ்திரிக்கடை வைத்திருந்தாள். யாரைப் பார்த்தாலும் அவளுக்குக் ‘கண்ணு’தான். “வா கண்ணு, உட்காரு கண்ணு, அந்தச் சட்டைய அந்தப் பக்கம் தள்ளு கண்ணு.”

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கல்லூரி ஆண்டு விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு பத்திரிகை ஆசிரியர். பேச்சுக்கு நடுவே அவர் விளையாட்டாக ஒன்று சொன்னார்: “உங்க பழைய மாணவர் ஒருத்தரைக் கலவரத்துக்கு அனுப்பினோம். ரெண்டு அடி விழுந்ததும் ஓடி வந்துட்டார். வந்த ஒரே படம் அவரோட சொந்த ஷூ. உங்க பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுது, அடி வாங்கத்தான் தெரியல!”

அரங்கமே சிரித்தது. கல்லூரி முதல்வர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து குறித்துக்கொண்டார். மேடையில் சிறப்பு விருந்தினர் வாயிலிருந்து எது விழுந்தாலும் அது தொழில்துறையின் எதிர்பார்ப்பு என்பது அவர் கொள்கை.

அடுத்த பருவத்திலேயே புதிய தாள் ஒன்று வந்தது. பெயர், ‘களத் தாக்குதல் மேலாண்மை’. கட்டாயப் பாடம். முதல் அலகு தள்ளுமுள்ளு, இரண்டாவது அறை, மூன்றாவது குத்து, நான்காவது கும்பல். பாடத்திட்டத்தின் முன்னுரையை முதல்வரே எழுதியிருந்தார். “அடி உதவுகிறாற்போல் அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பது ஆன்றோர் வாக்கு. ஆகவே அண்ணன் தம்பி இல்லாத மாணவர்களும் இத்தாளால் பயனடைவர்.”

பாடம் நடத்த ஆள் வேண்டுமே! தவணை கட்டாதவர்களின் வண்டிகளைப் பிடுங்கி வரும் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த பயில்வான் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார். தேர்வுக்குழு அவரை முறைப்படி விசாரித்தது.

“உங்க வெளியீடுகள் என்னென்ன?”

“வெளியீடு ஒண்ணும் இல்லீங்க. உள்ளதான் ரெண்டு தடவை இருந்திருக்கேன்.”

குழு தங்களுக்குள் பேசி, அதை ‘உள்ளுறைப் பயிற்சி, இருமுறை’ என்று பதிந்துகொண்டு, வருகைதரு பேராசிரியராக நியமித்தது.

பயில்வான் பரம சாது. முதல் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “பயப்படாதீங்க பிள்ளைங்களா. மொதல்ல கொஞ்சமா அடிக்கிறேன். வலிச்சா சொல்லுங்க, எழுதிக்கணும்னு சொல்லியிருக்காங்க.”

முறை இதுதான். எதிரே மேசையில் ஒரு பூச்சாடி. மாணவர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பூச்சாடிக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும். அடி விழும் கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். படம் கூர்மையாக இருந்தால் மதிப்பெண். வரிசை எண்படி அடி விழுந்தது. முதலாமவன் சுவரில் மோதினான். இரண்டாமவள் அழுதுகொண்டே அழுத்தியதில் கூரையிலிருந்த மின்விசிறி பதிவானது. ஒட்டடையை அடித்தபோது அவன் முழங்கை திரும்பிப் பயில்வானின் மூக்கில் பட்டது. அதற்கு மதிப்பெண் கொடுக்கப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

நிதானத்தின் முறை வந்தது. அவள் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினாள். கொஞ்சம் பின்னால் திருப்பினாள். பயில்வான் ஓங்கிய கையோடு நின்றார்.

“ஆச்சாம்மா?”

“ஒரு நிமிஷம் சார். இதழ் ஓரம் இன்னும் வரல.”

“கை கடுக்குதும்மா.”

“இதோ சார். ம்... இப்ப அடிங்க.”

காது ‘ஙொய்ங்’ என்றது. தரையில் கிடந்தபோது நாக்கில் ரத்தம் உப்புக் கரித்தது. படம் மட்டும் கண்ணாடியாக வந்திருந்தது. பூச்சாடியிலிருந்த இதழின் நரம்பைக்கூட எண்ணலாம். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். செருப்பையும் சோப்பையும் படம் எடுக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்க நினைத்தாள். யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மூன்றாவது அலகு வந்ததும் வகுப்பு மெலியத் தொடங்கியது. ஒருத்திக்குக் காறை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுத் திரும்பி வந்தவளை அலுவலகத்தில் நிறுத்திவிட்டார்கள், வருகைக் குறைவு.

“சார், உங்க கிளாஸ்லதான் சார் எலும்பு ஒடஞ்சது!”

“அந்த கிளாஸுக்கு வருகை போட்டாச்சு. அதுக்கப்புறம் வரலியே நீ?” என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

எக்ஸ்ரே படத்தைச் செய்முறைப் பதிவேட்டில் ஒட்டலாமா என்று அவள் மனுக் கொடுத்தாள். எக்ஸ்ரே கருப்பு வெள்ளைப் பிரிவில் வருமா, உருவப்படப் பிரிவில் வருமா என்று துறைக் கூட்டம் ஒரு நாள் முழுக்க விவாதித்து, மாணவி அதைத் தானே எடுக்கவில்லை என்பதால் காப்பியடித்ததாகக் கருதி எச்சரிக்கை விடுத்தது.

நிதானத்தின் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்து அப்பா பஸ் ஓட்டப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்.

“நானே ஒரு நாளும் உன் மேல கை வச்சதில்ல. ஃபீஸ் கட்டி அடி வாங்கணுமா? வா, இன்னைக்கு நான் ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்.”

கேட்பதற்கு வசதியாக அன்றே பெற்றோர் கூட்டம் இருந்தது. அவரைப்போலவே கொதித்துப்போய் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கல்லூரி முதல்வர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“அன்பார்ந்த பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளை உலகம் அடிக்கத்தான் போகிறது. எந்த நேரத்தில், எந்த இடத்தில், எதைக்கொண்டு என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒழுங்கீனத்தை இக்கல்லூரி ஏற்கவில்லை. நாங்கள் கால அட்டவணைப்படி அடிக்கிறோம். தகுதியுள்ள ஆளை வைத்து அடிக்கிறோம். அடித்ததற்குச் சான்றிதழும் தருகிறோம். பக்கத்துக் கல்லூரியில் இப்படிச் சான்றிதழ் தருகிறார்களா என்று போய்க் கேட்டுப் பாருங்கள்!”

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். “இதப் படிச்சா வேலை கெடைக்குமா?”

“நூற்றுக்கு நூறு.”

கைதட்டல் எழுந்தது. கொதித்து வந்தவர்கள் ஆறிப்போய் வெளியே வந்தார்கள். நிதானத்தின் அப்பா வழியில் மருந்துக்கடையில் ஏறி, வலிக்குத் தடவும் தைலத்தில் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கினார். வீடு வரும்வரை மகள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

நான்காவது அலகில் ஒரு விதி இருந்தது. படம் எடுப்பவர் தலையிடக் கூடாது. களத்தில் எது நடந்தாலும் அவர் கண் கேமராவில்தான் இருக்க வேண்டும். தலையிட்டால் பூஜ்யம். ஒத்திகைக்கு ஒட்டடையை நடுவில் நிறுத்தினார்கள். ஆறு பேர் சுற்றி நின்று அடித்தார்கள். மற்றவர்கள் கேமராக்களோடு வளைத்து நின்றார்கள். அவன் சுருண்டு விழுந்தான். நீளக் கால்கள் மடங்க இடமில்லாமல் உதறின. ஒருவன் விலாவில் உதைத்தபோது அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

நிதானம் கேமராவை இறக்கிவிட்டாள். “விடுங்கடா! செத்துடுவான்டா!” என்று நடுவில் புகுந்தாள்.

பூஜ்யம் விழுந்தது. வகுப்பு முடிந்ததும் பயில்வான் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மனசு கேக்கல, இல்ல? எனக்கும் கேக்கலம்மா. ஆனா பாடத்திட்டத்துல மனசுக்கு மார்க் இல்லியே. அடுத்த தடவை கேமராவை இறக்காத. உங்கப்பா பாவம்.”

அடுத்த தடவை என்பது தரச்சான்றுக் குழு வந்த நாள். அந்தக் குழு தரும் மதிப்பை வைத்துத்தான் கல்லூரி உயிர்வாழும் என்பதால் சுவர்களுக்கு வர்ணம் அடித்தார்கள். செடிகள் வாடகைக்கு வந்தன. முற்றத்தில் முழுநீளக் கலவரம் ஒன்றை நடத்திக் காட்ட ஏற்பாடாயிற்று. கும்பலாக நடிக்க நாடகத்துறையைக் கேட்டுக்கொண்டார்கள். நாடகத்துறைக்குப் புகைப்படத்துறை மேல் பழைய கோபம். அவர்களுடைய ஒத்திகை அறையைப் பிடுங்கித்தான் இவர்களுக்கு ஸ்டுடியோ கட்டியிருந்தார்கள். அவர்களுடைய ஆசிரியர் மாணவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பினார்: “உணர்ந்து செய்யுங்க.”

உணர்ந்து செய்தார்கள். முதலில் கோஷம். பிறகு நாற்காலி. பிறகு வாடகைச் செடிகள் தொட்டியோடு பறந்தன. புகைப்படத்துறைப் பையன்களும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் வழிந்தது. ஒருத்தியின் கூந்தலைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தார்கள். குழுத் தலைவரின் தோளில் ஒரு தொட்டி விழுந்தது. அவர் “அருமை, அருமை” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

இதையெல்லாம் பார்த்து முதல்வருக்கு உற்சாகம் பீறிட்டது. தலைமை என்றால் முன்னின்று நடத்துவதல்லவா? கோட்டைக் கழற்றினார். கேமரா நிறுத்தும் மூன்றுகால் ட்ரைபாட் ஒன்று கீழே கிடந்ததை எடுத்தார். குழுத் தலைவர் பக்கம் திரும்பி, “இங்கே நிர்வாகமும் களத்தில் இருக்கிறது ஐயா!” என்று கூவிக்கொண்டு அதைச் சுழற்றினார்.

நிதானம் அப்போது கேமராவுக்குள் இருந்தாள். சட்டகத்தின் வலது ஓரத்தில் ட்ரைபாட் வருவது தெரிந்தது. இடது ஓரத்தில் ஒட்டடை, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிக்கொண்டிருந்தான். ‘குனிடா’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. தைலப் பாட்டில் ஞாபகத்துக்கு வந்தது. எதையும் இழுத்தடித்தே பழகிய அந்த விரல், வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான கணத்தில் அழுத்தியது.

ட்ரைபாடின் கால் ஒட்டடையின் இடது கண்ணில் இறங்கியது.

குழு தன் அறிக்கையில் ‘கற்பித்தல் முறையை நேரடியாக உணர முடிந்தது’ என்று எழுதிக் கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தது. நிதானத்துக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு குறைந்ததற்குக் காரணம், கோணம் சற்றுச் சாய்ந்திருந்தது.

மருத்துவமனையில் ஒட்டடையின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. அவன் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நிதானம் உள்ளே வந்ததும் வழக்கம்போல “வா...” என்று ஆரம்பித்தவள், அடுத்த சொல்லைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டாள்.

“படம் எப்படி வந்துச்சு?” என்றான் ஒட்டடை.

“நல்லா வந்திருக்கு.”

“ஷார்ப்பா?”

“ம்.” அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “டேய், நான் பார்த்தேன்டா. வர்றதப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம்.”

ஒட்டடை கட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு, “சொல்லியிருந்தா நீ ஃபெயிலு” என்றான். மன்னித்துச் சொன்னானா, குத்திச் சொன்னானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

மறுநாள் முதல்வர் பழப்பையும் பத்திரிகைக்காரர்களுமாக வந்தார். “எந்தப் புகைப்படக் கலைஞரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் படம் எடுக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும் அந்த வீண் வேலை இனி இம்மாணவருக்கு இல்லை. எங்கள் கல்லூரி இவரை நிரந்தரமாகத் தொழிலுக்குத் தயார்படுத்திவிட்டது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

நிதானமும் ஒட்டடையின் அம்மாவும் படத்தோடு காவல் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். “பிரமாதமா எடுத்திருக்கியேம்மா!”

“சார், அதுல அடிக்கிறவர் முகம் தெரியுது பாருங்க.”

“தெரியுது. ஆனா இது பரீட்சையில நடந்தது. பரீட்சையில நடந்ததுக்கு நாங்க கேஸ் போட முடியாது. வேணும்னா மறுமதிப்பீட்டுக்கு அப்ளை பண்ணுங்க.”

சில வாரங்களில் கல்லூரி வாசலில் பெரிய விளம்பரப் பலகை ஒன்று ஏறியது. அதே படம். ஓரத்தை வெட்டி, அடித்தவர் முகத்தை நீக்கியிருந்தார்கள். ட்ரைபாடின் காலும், அது பட்டுத் திறந்த வாயோடு ஒட்டடையின் முகமும் மட்டும் வீட்டுக் கதவு உயரத்துக்கு இருந்தன. கீழே, ‘உங்கள் பிள்ளையும் இங்கே! சேர்க்கை நடைபெறுகிறது.’ பலகை இஸ்திரிக்கடைக்கு நேர் எதிரே. ஒட்டடையின் அம்மா காலையில் கடை திறந்து சாயங்காலம் மூடும்வரை அதைப் பார்த்துக்கொண்டே துணி தேய்த்தாள். ஒரு நாள் யாருடைய வெள்ளைச் சட்டையிலோ பெட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்து நின்றாள். புகை வந்த பிறகும் நின்றாள். விண்ணப்பங்கள் மூன்று மடங்கு வந்தன என்று கேள்வி.

மூன்றாம் வருடமும் அடிபட்டு உதைபட்டு முடிந்து, பட்டமளிப்பு விழா வந்தது. சிக்கனத்தை முன்னிட்டு அந்த விழாவையே கடைசிச் செய்முறைத் தேர்வாகவும் அறிவித்திருந்தார்கள். பட்டம் வாங்கப்போகும் மாணவர்கள் எல்லாரும் கருப்பு அங்கியும் கேமராவுமாக மேடையைச் சுற்றி நின்றார்கள். ஒட்டடைக்குச் சிறப்புப் பாராட்டு என்று அழைத்தார்கள். படியில் தடுமாறாமல் இருக்க அம்மா கூடவே ஏறினாள்.

முதல்வர் பித்தளைத் தகடு பதித்த கனமான மரக் கேடயம் ஒன்றைத் தூக்கினார். “ஒரு கண்ணைத் தந்து ஒரு கல்லூரிக்கே ஒளி தந்த இந்த மாணவரை ஈன்ற தாய்க்கு, இந்தக் கேடயத்தை...”

அம்மா வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் எடை பார்ப்பதுபோல் ஒரு முறை ஏந்திப் பார்த்தாள். பிறகு அதை முதல்வரின் முகத்தில் இறக்கினாள்.

கேடயம் தற்காப்புக்கு என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். முதல் அடியில் அவர் உதடு கிழிந்தது. இரண்டாவதில் மூக்குத்தண்டு ‘மடக்’கென்று முறிந்தது ஒலிபெருக்கியில் கடைசி வரிசைவரை கேட்டது. நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டி தூக்கிய கை அது. அவர் மேசையோடு சரிந்தார். அவள் அவர் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டாள்.

“புடிங்க! யாராவது புடிங்க!” என்று கத்தினார் முதல்வர்.

சுற்றிலும் ஷட்டர்கள் மழைபோல் பொழிந்தன. ஒருவரும் அசையவில்லை, அசைந்தால் பூஜ்யம். முன்வரிசையில் ஒருவன், “சார், முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம், வெளிச்சம் பத்தல” என்றான்.

“பயில்வான்!” என்று அலறினார் முதல்வர்.

வாசலில் நின்ற பயில்வான் கையைப் பிசைந்தார். “நான் தேர்வு மேற்பார்வை சார். தலையிட்டா எனக்கு மெமோ குடுப்பீங்க.”

அம்மா கேடயத்தைத் திருப்பிப் பிடித்தாள். அதன் கூரான முனை முதல்வரின் கண்ணுக்கு மேலே நின்றது. ஒட்டடை ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டு கல்லாக நின்றான்.

நிதானம் கேமராவைத் தரையில் வைத்தாள். வேகமாக வைத்தாள் என்றே சொல்ல வேண்டும். மேடையில் தாவி ஏறி, ஓங்கிய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, வேணாம்மா. உங்களத் தூக்கி உள்ள வச்சிடுவாங்க. அவனுக்கு யார் இருக்கா?”

“விடுடி” என்றாள் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. “அன்னைக்குச் சும்மா நின்ன இல்ல? இன்னைக்கும் நில்லு.”

அது நெஞ்சில் தைத்தது. ஆனாலும் அவள் விடவில்லை. மெல்ல மெல்ல அந்தக் கையின் விறைப்பு தளர்ந்தது, கேடயத்தை மட்டும் அது விடவில்லை. அம்மாவின் உடம்பு குலுங்கத் தொடங்கியது. அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கீழே கிடந்த முதல்வர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் ரத்தம். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றது நிதானத்தின் அங்கியில் குத்தியிருந்த எண்ணை உற்றுப் பார்த்தது. ஒலிபெருக்கி பக்கத்திலேயே கிடந்தது. உடைந்த பல்லைத் துப்பிவிட்டு அவர் பேசியது அரங்கம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது.

“தேர்வு நேரத்தில் தலையிட்டிருக்கிறாய். பூஜ்யம். பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது. விதி விதிதான்.”

நிதானம் யோசித்தாள். அவளுக்கு எதையும் யோசித்து முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அரங்கம் காத்திருந்தது. கேமராக்கள் காத்திருந்தன.

பிறகு, பிடித்திருந்த அம்மாவின் கையை விட்டாள்.